மாடு பார்க்க வந்தவர்கள்

நாமக்கல்லிலிருந்து காவிரிக் கரைக்குப் போகும் சாலையில், ஐம்பதுகளில், ஓர் அரசாங்கப் பிரசவ ஆசுபத்திரி இருந்தது. வாசலில் ஒரு வாட்ச்மேன் உட்கார்ந்திருப்பார். உள்ளே வரும் பெண்களிடம், "என்ன விசயமா வந்தீங்க?" என்று கேட்பார். "மாடு பாக்க வந்தனுங்க" என்று பதில் வரும். சொல்கிற பெண்ணுக்கு ஏழு மாதமோ எட்டு மாதமோ இருக்கும். இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருப்பாள். வாட்ச்மேன் அவள் முகத்தை மட்டும் பார்த்து, "மாடு பின்னால இருக்குதுங்க. போற வழியில டாக்டரம்மா ரூம்பு. அப்படியே எட்டிப் பாத்துட்டுப் போங்க" என்பார்.

மாடு இருந்தது உண்மை. செவலை மாடு. ஒரு கொம்பு உள்பக்கம் வளைந்திருக்கும். பால் கிடையாது, கன்று கிடையாது. யார் கையை நீட்டினாலும் நக்கும்.

அப்போது நான் சென்னைப் பத்திரிகை ஒன்றுக்கு நாமக்கல் நிருபர். விபத்து, வெள்ளம், தேர், மந்திரி வருகை ஆகியவற்றைத் தவிர வேறு எதை அனுப்பினாலும் அச்சில் வராது. மாடு இவற்றில் எதிலும் சேராததால் அன்று எழுதவில்லை. எழுதியிருந்தால் டாக்டரம்மா என்னைச் சும்மா விட்டிருக்கவும் மாட்டார்.

டாக்டரம்மா சேலத்துக்காரர். கத்தோலிக்கக் குடும்பம், அப்பா ரயில்வேயில் கார்டு. அப்பாவிடமிருந்து அவருக்கு வந்தவை இரண்டு: மணிக்கட்டை விடப் பெரிய ஒரு கைக்கடிகாரம், பிளாட்பாரத்தின் ஒரு முனையில் பேசினால் மறு முனையில் கேட்கும் குரல். ஆள் குள்ளம். வெள்ளைப் புடவை, மேலே வெள்ளைக் கோட்டு. கோட்டுப் பையிலிருந்து ஸ்டெதஸ்கோப்பின் குழாய் எப்போதும் வெளியே தொங்கிக்கொண்டிருக்கும். அந்தக் குரலை வைத்துக்கொண்டு அவர் யாரிடமும் வாதத்தில் ஜெயித்து நான் பார்த்ததில்லை. எல்லாரிடமும் தோற்றார். மாமியார்களிடம் தோற்றார், மருத்துவச்சிகளிடம் தோற்றார், பஞ்சாயத்துத் தலைவரிடம் தோற்றார், மேலதிகாரிகளிடம் தோற்றார். தோற்கும்போது மட்டும் குரல் தணிந்துவிடும். "நீங்க சொல்றதுதான் சரிங்க" என்பார். அந்த வாக்கியத்தை அவர் சொன்ன பிறகு, எல்லாம் டாக்டரம்மா நினைத்தபடிதான் நடக்கும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். பிள்ளை பெற்றவளுக்குப் பல நாள் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்பது அந்தப் பக்கத்துப் பழக்கம். கொடுத்தால் வயிறு உப்பும், உடம்புக்கு ஆகாது என்பார்கள். சித்திரை வெயிலில், பிரசவமான பெண் நாக்கு வறண்டு கிடப்பாள். ஒருநாள் ஒரு மாமியார் கட்டிலின் அருகே காவலுக்கு உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா வந்தார்.

"தண்ணி குடுத்தீங்களா ஆத்தா?"

"குடுக்கலீங்க. குடுக்கவும் மாட்டேன். நீங்க குடுத்தாலும் உட மாட்டேன்."

"நீங்க சொல்றதுதான் சரிங்க. தண்ணி ஆகாது. கசாயம் குடுக்கலாமுங்களா?"

மாமியார் யோசித்தார். "கசாயம் நல்லதுங்க."

"எவ்வளவு குடுக்கலாமுங்க?"

"கசாயம் எம்புட்டு வேணாலும் குடுக்கலாமுங்க."

அன்று முதல் அந்த ஆசுபத்திரியில் ஒரு பெரிய குண்டாவில் தண்ணீர் கொதிக்கும். அதில் ஆயா ஒரு சிட்டிகை சீரகம் போடுவாள். ஆறிய பிறகு அதற்குப் பெயர் கசாயம். மாமியார்கள் அவர்கள் கையாலேயே டம்ளர் டம்ளராக ஊற்றிக் கொடுத்தார்கள். டாக்டரம்மா பார்க்கும்போது, "போதுங்க ஆத்தா, ரொம்பக் குடுக்காதீங்க" என்று வேறு தடுப்பார். உடனே மாமியார் இன்னொரு டம்ளர் ஊற்றுவார்.

"மருந்து என்கிட்ட இருக்குது நிருபர் சார்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். "சாக்குதான் பத்தலை. இங்க யாரும் கெட்டவங்க இல்ல. அவங்க சொன்ன வார்த்தையிலிருந்து எறங்கி வர்றதுக்கு ஒரு ஏணி வேணும். அதை நாம கொண்டு போய்ச் சாத்தி வெக்கணும். சாத்திட்டு வேற பக்கம் பாக்கணும்."

சாக்கு என்பது பாதிப் பொய் என்று அவருக்குத் தெரியும். ஞாயிறு பூசை தவறாதவர். சனிக்கிழமைகளில் பங்குச் சாமியாரிடம் செய்த பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்வார். இது அவரே சொன்னது, சாமியார் சொன்னதில்லை. முதல் சில வாரங்கள் சாமியார் பொறுமையாகக் கேட்டாராம். பிறகு ஒரு சனிக்கிழமை இவர் முழங்காலிட்டு வாயைத் திறப்பதற்கு முன்பே, "மறுபடியும் மாடா?" என்றாராம்.

மாட்டின் கதைக்கு வருகிறேன்.

ஜேடர்பாளையம் பக்கத்தில், வாய்க்கால் பாய்கிற ஒரு கிராமம். அங்கே மாடு வளர்த்து விற்கும் பெரிய விவசாயி ஒருவர் இருந்தார். ஊரில் எல்லாரும் அவரைப் பண்ணாடி என்றுதான் கூப்பிட்டார்கள். மீசை வெளுத்தவர், மனைவியை இழந்தவர். ஒரே மகன் லாரி ஓட்டுகிறவன். வண்டியோடு வடக்கே போனால் எப்போது திரும்புவான் என்று சொல்ல முடியாது. வீட்டில் அவரும் மருமகளும்தான். மருமகளுக்குத் தாய் தகப்பன் இல்லை. பிள்ளைப்பேற்றுக்குப் போக வேறு வீடும் இல்லை.

அம்மை குத்துவதற்காக டாக்டரம்மா அந்த ஊருக்குப் போன அன்று நானும் கூடப் போயிருந்தேன். பண்ணாடி வீட்டில் எங்களுக்கு மோர் கொடுத்தார்கள். செம்பைக் கொண்டுவந்து வைத்தவள் மருமகள். நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். நான் மோரைப் பார்த்தேன். டாக்டரம்மா அவள் கால்விரலைப் பார்த்தார். மிஞ்சி சதைக்குள் புதைந்திருந்தது. அதைக் கழற்ற வேண்டுமானால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். முகமும் உப்பியிருந்தது.

"தலைவலி இருக்குதா கண்ணு?" என்று கேட்டார்.

அவள் மாமனாரைப் பார்த்துவிட்டு, "இல்லீங்க" என்றாள். பிறகு கதவுக்குப் பின்னால் போனதும், டாக்டரம்மாவுக்கு மட்டும் தெரியும்படி நெற்றியைப் பிடித்துக் காட்டினாள்.

டாக்டரம்மா பண்ணாடியிடம் திரும்பினார். "மருமகளை ஆசுபத்திரியில கொஞ்ச நாள் வெச்சிருந்து பாக்கணுமுங்க."

"அது முடியாதுங்க."

"உடம்புல நீர் கோத்திருக்குது. இப்படியே உட்டா வலிப்பு வருமுங்க. வந்துட்டா வீட்ல வெச்சு யாரும் ஒண்ணும் பண்ண முடியாது."

பண்ணாடி மரியாதையாகத்தான் பேசினார். "ஏனுங்க டாக்டரம்மா, உங்களை நான் குத்தம் சொல்லலீங்க. என்ற மவளைப் பிரசவத்துக்கு உங்க ஆசுபத்திரிக்குத்தான் கொண்டுட்டு வந்தேன். அப்ப நீங்க இல்லீங்க. வண்டியில ஏறையில நடந்து வந்து ஏறுனா. திரும்பி வரையில படுத்துட்டு வந்தா. அன்னைக்குக் கோயில்ல கற்பூரம் அடிச்சுச் சத்தியம் பண்ணுனனுங்க. எங்க ஊட்டுப் பொம்பளை இனி புள்ளை பெக்க ஆசுபத்திரிக்குப் போவ மாட்டான்னு. ஊரே நின்னுச்சு."

எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் செய்கிற சத்தியம் அது. அதை மீறியவனை அந்தப் பக்கத்தில் யாரும் மதிக்க மாட்டார்கள். மாடு விற்கிறவனுக்கு வார்த்தைதான் முதல்.

"உங்க எடத்துல நான் இருந்தா நானும் அதையேதான் சொல்லுவேனுங்க" என்றார் டாக்டரம்மா. மோரைக் குடித்து முடித்தார். வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டார். மகள் வந்தது தாமதமாக என்பது ஆசுபத்திரியில் எல்லாருக்கும் தெரியும். அதைப் பண்ணாடியிடம் சொல்வதால் ஒரு லாபமும் இல்லை என்பதும் டாக்டரம்மாவுக்குத் தெரியும்.

திரும்பும் வழியில் எங்கள் வண்டி மாட்டுச் சந்தையைத் தாண்டியது. அன்று சந்தை நாள். வேப்பமரத்தடியில் இரண்டு பேர் கைகோத்து நின்றார்கள். கைகளின் மேல் ஒரு துண்டு கிடந்தது.

"அது எதுக்குத் துண்டு?" என்றார் டாக்டரம்மா.

"விலை பேசுகிறார்கள். வாயால் பேச மாட்டார்கள். துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத்தான் பேசுவது."

"ஏன் அப்படி?"

"யார் எவ்வளவு இறங்கி வந்தார் என்பது சுற்றி நிற்கிறவர்களுக்குத் தெரியக் கூடாது. பேரம் முடிந்தாலும் யாரும் விலையை வெளியே சொல்ல மாட்டார்கள். இரண்டு பேருமே ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்."

டாக்டரம்மா வண்டியை நிறுத்தச் சொன்னார். அந்தத் துண்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். "இத்தனை நாளா இதை எனக்கு யாருமே சொல்லலையே" என்றார்.

அடுத்த சந்தைக்குப் போகிறேன், நீங்களும் வாருங்கள் என்று எனக்கு ஆள் அனுப்பினார். போனேன். புழுதிக்கும் சாணத்துக்கும் நடுவே ஒரு வெள்ளைக் கோட்டு நடந்து வருவதைப் பார்த்து மாடுகளே கொஞ்சம் மிரண்டன. ஆண்கள் வழிவிட்டார்கள். ஒரு பெண் மாட்டுச் சந்தைக்குள் வந்து மாட்டின் வாயைத் திறந்து பல் பார்ப்பதை அவர்கள் அதுவரை கண்டதில்லை. டாக்டரம்மா இரண்டு மூன்று மாடுகளுக்கு அதைச் செய்தார். என்ன பார்க்கிறோம் என்று அவருக்கே தெரியாது என்பது என் ஊகம்.

"டாக்டரம்மா, இங்க எங்கீங்க?"

"மாடு வாங்க வந்தேனுங்க. பிள்ளை பெத்தவங்களுக்குப் பால் வேணுமில்ல?"

கூட்டத்தில் ஒருவன், "ஊசி போட்டுத்தான் கறப்பீங்களா?" என்றான்.

"ஊசி மாட்டுக்கு இல்லீங்க. உங்களுக்கு. எங்க, சட்டையைத் தூக்குங்க பாக்கலாம்."

சந்தையே சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் அவர் பண்ணாடியின் மாட்டுக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். செவலை மாடு, வளைந்த கொம்பு.

"இது என்ன விலைங்க?"

பண்ணாடிக்குச் சங்கடம். "பொம்பளைங்களோட நான் பேரம் பேசறதில்லீங்க."

பக்கத்தில் நின்ற தரகர் உதவிக்கு வந்தார். "டாக்டருக்கு ஏதுங்க பண்ணாடி ஆம்பளை பொம்பளை? பேசுங்க."

"துண்டு?" என்றார் டாக்டரம்மா.

பண்ணாடி தோளில் துண்டு இருந்தது. ஆனால் தன் துண்டை ஒரு பெண்ணின் கை மேல் போட அவருக்குக் கை வரவில்லை. டாக்டரம்மா காத்திருக்கவில்லை. கோட்டைக் கழற்றினார், இரண்டு கைகள் மேலும் போட்டார். ஸ்டெதஸ்கோப்புக் குழாய் வெளியே தொங்கி ஆடியது. அவர் மெல்லிய குரலில் ஏதோ பேசினார். அவரால் மெல்லவும் பேச முடியும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். பண்ணாடியின் முகம் முதலில் சிவந்தது. பிறகு கீழே பார்த்தது. பிறகு மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு ஜோடிக் காளைக்கு விலை முடிகிற நேரம் ஆயிற்று. தரகர் பொறுமை இழந்து கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார்.

பண்ணாடி கையை வெளியே எடுத்து, ஊருக்கே கேட்கும்படி, "வித்தாச்சு!" என்றார். அதே குரலில் தொடர்ந்தார். "ஆனா ஒண்ணுங்க. இந்த மாடு எங்க மருமக கை தவுர வேற கை பட்டா எத்தும், காலைத் தூக்கி ஒதைக்கும். புது எடம் பழகற மட்டும் மருமகதான் வந்து கறந்து குடுக்கோணும். வித்த மாட்டுக்கு நாஞ்சொல்ற பொறுப்பு அது."

தரகருக்குப் புரியவில்லை. "பண்ணாடி, போன வாரம் இந்த மாடு என்னை நக்குச்சுங்களே?"

"உன்னை நக்கும். நல்லவங்களை எத்தும்."

திரும்பும்போது டாக்டரம்மாவிடம், "விரல் கணக்கு எப்போது கற்றீர்கள்?" என்று கேட்டேன்.

"அது யாருக்குத் தெரியும்? அவர் புறங்கையில என் கட்டைவிரலை வெச்சு அமுக்கினேன். உட்டேன். சதை மேல வந்துருச்சு. 'உங்களுக்கு வருது பாத்தீங்களா, உங்க மருமக கால்ல அமுக்குனா வராது, பள்ளம் அப்படியே நிக்கும், போய்ப் பாருங்க'ன்னேன். கையை இழுத்துக்குவார்னு நெனச்சேன். இழுக்கலை."

"மாடு எத்தும் என்றது?"

"அது அவரோடது" என்றார் டாக்டரம்மா. "நான் ஏணி சாத்துனேன். அவர் மாடிப்படியே கட்டிட்டார்."

மாமனார் மருமகள் காலைத் தொட மாட்டார். ஆகவே அன்று சாயங்காலம் அவளையே அமுக்கச் சொல்லி, தூர நின்று பார்த்திருக்கிறார். பள்ளம் விழுந்தது, எழவில்லை. மறுநாள் காலையில் ஊர் பார்க்கப் பண்ணாடியின் வண்டி கிளம்பியது. பின்னால் மாடு கட்டியிருந்தது. உள்ளே மருமகள் பால் செம்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆசுபத்திரிக்கு வந்த முதல் நாளே ஒரு சிக்கல். மாடு யாரையும் எத்தவில்லை. ஆயா கறந்தாள், நின்றது. துப்புரவுத் தொழிலாளி கறந்தார், அவர் காதை நக்கியது. பண்ணாடியின் பங்காளிகளோ, சத்தியம் காப்பாற்றப்படுகிறதா என்று பார்க்க முறை வைத்துக்கொண்டு வந்தார்கள். டாக்டரம்மா வாட்ச்மேனைக் கூப்பிட்டு முழங்காலில் கட்டுப் போட்டுவிட்டார். "யாராவது கேட்டா மாடு எத்திருச்சுன்னு சொல்லணும்."

வாட்ச்மேனுக்கு அந்த வேடம் பிடித்துப்போயிற்று. முதல் நாள் லேசாக நொண்டினார். அடுத்த நாள் கம்பு ஊன்றினார். மூன்றாவது நாள் தலையிலும் ஒரு கட்டுப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். "தலையில எப்படி எத்தும்?" என்று டாக்டரம்மா திட்டி அவிழ்க்கச் சொன்னார்.

மருமகள் படுக்கையை விட்டு எழக் கூடாது. ஆனால் பங்காளிகள் வரும்போது மாட்டோடு இருக்க வேண்டும். அதற்கும் டாக்டரம்மா வழி கண்டார். கட்டிலைச் சன்னலோரம் நகர்த்தினார், மாட்டைச் சன்னலுக்கு வெளியே கட்டினார். அவள் படுத்தபடியே கையை நீட்டினால் மாட்டின் நெற்றி எட்டும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு, மருமகள் மாடு பழக்கிக்கொண்டிருப்பாள். உள்ளே ஆயா உப்பில்லாத கஞ்சி ஊட்டிக்கொண்டிருப்பாள்.

வலி எடுத்த நாள் பண்ணாடி வந்துவிட்டார். காலை வெயில். ஆசுபத்திரிப் படியில் அவர் ஏறவில்லை. பின்பக்கம் போய் மாட்டின் அருகே நின்றார். பங்காளிகள் இரண்டு பேர் கூட வந்திருந்தார்கள். செய்தி கேட்டு நானும் போயிருந்தேன். வைக்கோல் வண்டிக்காரன் ஒருவன் பாரம் இறக்கிக்கொண்டிருந்தான். உள்ளேயிருந்து ஆயா ஓடி வந்தாள்.

"மாடு எப்படிங்க இருக்குது?" என்றார் பண்ணாடி.

ஆயா ஒரு கணம் திகைத்தாள். பிறகு பிடித்துக்கொண்டாள். "ரொம்பக் கஷ்டப்படுதுங்க."

வைக்கோல்காரன் மாட்டைப் பார்த்தான். அது அசை போட்டுக்கொண்டிருந்தது. "எந்த மாடுங்க கஷ்டப்படுது? நல்லாத்தானே நிக்குது?"

"நீ சும்மா இருப்பா. மாட்டைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?" என்றார் பண்ணாடி.

உள்ளே ஒரு சத்தம் கேட்டது. கட்டில் ஆடுகிற சத்தம். பிறகு டாக்டரம்மாவின் குரல்: "புடி! நாக்கைக் கடிக்க உடாதே! ஒருக்களிச்சுப் படுக்க வை!" வலிப்பு வந்துவிட்டது. அந்தக் குரல் சாலை வரைக்கும் கேட்டது. பிறகு அது நின்றுபோனது. அவர் குரல் நின்றுபோனதுதான் எங்கள் எல்லாரையும் பயமுறுத்தியது. பங்காளிகள் கைகளைக் கட்டிக்கொண்டார்கள். பண்ணாடி மாட்டின் கயிற்றை அவிழ்த்தார், மறுபடி கட்டினார், மறுபடி அவிழ்த்தார். வைக்கோல்காரனுக்கும் ஏதோ புரிந்திருக்க வேண்டும். பாரம் இறக்குவதை நிறுத்திவிட்டான்.

வெயில் ஏறிய பிறகு டாக்டரம்மா வெளியே வந்தார். கோட்டெல்லாம் ரத்தம், புடவை வேர்வையில் நனைந்திருந்தது. பண்ணாடிக்கு நேரே வந்து நின்றார். பங்காளிகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பெரிய குரலில் சொன்னார்.

"மாடு பொழைச்சுக்கிச்சுங்க. கன்னும் நல்லா இருக்குது. கெடேரி."

கெடேரி என்றால் பெண் கன்று. பண்ணாடி மாட்டின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். மாடு திரும்பி அவர் தோளை நக்கியது. பிறகு தலையை நிமிர்த்தி, "நல்ல மாடுங்க அது. எங்க ஊட்டு மாடாச்சே" என்றார். பங்காளிகளில் மூத்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கெடேரின்னாலும் நம்ம ஊட்டுக் கன்னுதானுங்க" என்றார். மாடு பழக்கப் போன இடத்தில் குழந்தை பிறந்துவிட்டது, அதற்கு யார் என்ன செய்ய முடியும் என்று ஊரில் முதலில் சொன்னவரும் அவர்தான்.

பிறகு நடந்ததை யாரும் திட்டமிடவில்லை. பண்ணாடி வீட்டு மருமகள் பிழைத்த செய்தி வாய்க்கால் ஓரத்து ஊர்களுக்கெல்லாம் போனது. அங்கேயும் சத்தியங்கள் இருந்தன, மாமனார்கள் இருந்தார்கள், மருத்துவச்சிகள் இருந்தார்கள். பெண்கள் மாடு பார்க்க வரத் தொடங்கினார்கள். இரண்டு பேர், நான்கு பேர், பிறகு வண்டி வண்டியாக. மாடு அதற்குள் பால் வற்றிப்போயிருந்தது. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

ஒரு மேலதிகாரி ஆய்வுக்கு வந்து கவலைப்பட்டார். நானும் அங்கிருந்தேன்.

"இது எவ்வளவு பால் கொடுக்கிறது?"

"குடுக்கறதில்லை சார்."

"பின்னே எதற்குக் கட்டி வைத்திருக்கிறீர்கள்?"

"ஏமாத்தி வித்துட்டாங்க சார். மாட்டைப் பத்தி எனக்கு என்ன தெரியும்?"

அதிகாரிக்கு முகம் மலர்ந்தது. அவர் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். மாட்டின் மடி நரம்பு எப்படி இருக்க வேண்டும், வால் நுனி எங்கே தொட வேண்டும் என்று வெகுநேரம் விளக்கினார். டாக்டரம்மா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். விளக்கி முடித்த சந்தோஷத்தில் அவர் வெளியே பார்த்தார். "இவர்களெல்லாம் ஏன் வெயிலில் நிற்கிறார்கள்?" என்று கேட்டார். "மாடு பாக்க வந்தவங்க சார்" என்றார் டாக்டரம்மா. அந்த வரிசையில் நின்ற அத்தனை பேர் வயிற்றையும் பார்த்த பிறகு அதிகாரி மேற்கொண்டு கேட்கவில்லை. நீளமான ஒரு தாழ்வாரம் கட்ட அனுமதி எழுதிக் கொடுத்தார். மாட்டுக்குத் தீவனம் மட்டும் டாக்டரம்மா சொந்தச் செலவில் போட வேண்டும் என்று எச்சரித்தார். "நீங்க சொல்றதுதான் சரிங்க சார்."

அறுபதுகளின் தொடக்கத்தில் அவருக்குப் பதவி உயர்வு வந்தது. சேலத்தில் உட்கார்ந்து மாவட்டம் முழுவதும் இருந்த தாய் சேய் நல நிலையங்களை மேற்பார்வை பார்க்கிற வேலை. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு மாடு வேண்டும் என்று கேட்டார். கூட்டத்தில் எல்லாரும் சிரித்தார்கள், மறுத்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே தோற்றார். அப்புறம் ஊர் ஊராகப் போய் அந்தந்த ஊர் மாடு எது என்று தேடினார்.

ராசிபுரத்தில் அது நெய். நிலையத்துக்கு நெய் வாங்கப் போகிறோம், ஆனால் டாக்டரம்மாவுக்கு நல்ல நெய் எதுவென்று தெரியாது என்று ஊரில் செய்தி பரப்பினார். பெண்கள் தூக்குப்போசியில் நெய்யோடு வந்தார்கள். அவர் மோந்து பார்ப்பார், வயிற்றையும் பார்ப்பார். "இது பரவாயில்லீங்க. அடுத்த மாசமும் கொண்டு வாங்க, பாத்துச் சொல்றேன்." எந்த மாதமும் எந்த நெய்யும் தேறவில்லை. நெய்யைக் குடித்துவிடுங்கள் என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

ஆத்தூரில் அரிசி மில். நிலையத்தை மில்லுக்கு அடுத்த கட்டடத்துக்கு மாற்றினார். நெல் அரைக்க வருகிற பெண்கள் எப்படியும் காத்திருக்க வேண்டும். மருத்துவர் வருகிற நாளில் மட்டும் மில்லின் பெல்ட் கழன்று விழும். மில்காரரின் மனைவி டாக்டரம்மாவிடம் பிரசவம் பார்த்துக்கொண்டவர். வீட்டு ஆண்கள் மில்லைத் திட்டித் தீர்த்தார்கள். "எளவு மிசினு, வெள்ளிக்கெழமையானா நின்னுக்குது" என்று ஒருவர் என்னிடமே பத்திரிகையில் எழுதச் சொன்னார்.

டாக்டரம்மா ஓய்வு பெறும்போது, வழியனுப்பு விழாவைப் பழைய ஆசுபத்திரியிலேயே வைத்தார்கள். மாடு செத்துப் பல காலம் ஆகியிருந்தது. கொட்டகையில் இப்போது சைக்கிள்கள் நின்றன. மாடு செத்த பிறகும் கொஞ்ச நாள் பெண்கள் மாடு பார்க்க வந்துகொண்டுதான் இருந்தார்கள். பிறகு அந்தப் பேச்சு தானாக நின்றுபோயிற்று.

தாழ்வாரத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். வாசலில் அதே வாட்ச்மேன், நன்றாகக் கிழடு தட்டிப்போய் நின்றார். ஒரு லாரி வந்து நின்றது. ஓட்டி வந்தவன் பண்ணாடியின் மகன். முன்சீட்டிலிருந்து பண்ணாடியைக் கையைப் பிடித்து இறக்கினார்கள். பின்னாலேயே மருமகளும், பள்ளிக்கூடத்துப் பாவாடை போட்ட பெண்ணும் இறங்கினார்கள்.

வாட்ச்மேனுக்குப் பழக்கம் விடவில்லை. "என்ன விசயமா வந்தீங்க?"

"டாக்டரம்மாவைப் பாக்க வந்தேன்" என்றாள் மருமகள். மாமனார் பக்கத்தில் நிற்க, ஊர் பார்க்க, நேராக முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

வாட்ச்மேன் பண்ணாடியைப் பார்த்தார். "நீங்க?"

பண்ணாடி கம்பை ஊன்றிக்கொண்டு நின்றார். கூட்டத்தில் பங்காளிகள் இருந்தார்கள், பங்காளிகளின் மகன்கள் இருந்தார்கள். "நானு மாடு பாக்க வந்தனுங்க" என்றார்.

"மாடு எங்கீங்க இப்ப, அது செத்து…" என்று வாட்ச்மேன் ஆரம்பித்தார்.

"வாங்க, வாங்க. மாடு பின்னாலதானுங்க இருக்குது" என்று அந்தப் பெரிய குரல் தாழ்வாரத்திலிருந்தே கேட்டது. டாக்டரம்மா மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கி வந்தார். இரண்டு பேரும் மெதுவாகக் கொட்டகைக்கு நடந்தார்கள். அங்கே சைக்கிள்களுக்கு முன்னால் நின்றார்கள்.

"மாடு நல்லா இருக்குதுங்களா?" என்றார் பண்ணாடி.

"நல்லா இருக்குதுங்க."

பண்ணாடி தோளிலிருந்த துண்டை எடுத்தார். இந்த முறை யோசிக்கவில்லை. கையை நீட்டினார், டாக்டரம்மாவும் நீட்டினார். இரண்டு கைகள் மேலும் துண்டு விழுந்தது. விழாவில் பேச இருந்தவர்கள் நேரமாகிறது என்று முணுமுணுத்தார்கள். அந்த இரண்டு பேரும் அவசரப்படவில்லை.

டாக்டரம்மா திரும்பி வந்து உட்கார்ந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் குனிந்து, என்ன பேசினீர்கள் என்று கேட்டேன்.

"விலையை வெளியே சொல்லக் கூடாது நிருபர் சார்" என்றார். "நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"